ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை கூண்டில் ஏற்றலாமா?

வாசகர் கேள்விகளும் சட்டக் குழுவின் பதில்களும்

ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரித்துத் தண்டிப்பதை வக்கீல்கள் 'டபுள் ஜெப்பர்டி' என்பார்கள். அதைப் பற்றி இந்த முறை ஏராளமான கடிதங்கள். 'ஒரு தடவை விசாரணை முடிந்துவிட்டால், அந்தச் சம்பவத்துக்காக இனி யாரும் என்னைத் தொட முடியாது' என்ற நம்பிக்கை அநேகமாக எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. சட்டம் தரும் பாதுகாப்பு அவ்வளவு அகலமானது அல்ல. அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதைத்தான் இந்தப் பதில்களில் விளக்கியிருக்கிறோம்.

வரப்புத் தகராறில் 2019-இல் எங்கள் மீது அடிதடி வழக்கு போட்டார்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 323, 324 பிரிவுகள், அதாவது காயப்படுத்தியது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சாட்சிகளை விசாரித்து, எங்களை விடுதலை செய்துவிட்டார்கள். இப்போது எதிர்த்தரப்பு அதே சம்பவத்தைக் 'கொலை முயற்சி' என்று எழுதிப் புதுப் புகார் கொடுத்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். அரசியல் சட்டத்தில் இதற்குத் தடை இருப்பதாகச் சொல்கிறார்களே? — ஒரு வாசகர், விருதுநகர்

தடை இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடும் இடம் வேறு. அரசியல் சட்டத்தின் 20(2) கூறு, ஒரே குற்றத்துக்காக ஒருவரை ஒரு முறைக்கு மேல் 'வழக்குத் தொடர்ந்து தண்டிக்க' கூடாது என்கிறது. முதல் தடவை வழக்கும் நடந்திருக்க வேண்டும், தண்டனையும் கிடைத்திருக்க வேண்டும். நீங்கள் தண்டிக்கப்படவில்லை, விடுதலையானீர்கள். அதனால் 20(2) உங்களுக்கு நேரடியாக உதவாது.

உங்களுக்கு உதவுவது குற்றவியல் நடைமுறைச் சட்டம். பழைய சட்டத்தில் 300-ஆவது பிரிவு; 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 337-ஆவது பிரிவு. தண்டனை பெற்றவர், விடுதலை பெற்றவர் இருவரையுமே இது காக்கும். அதே குற்றத்துக்கு மட்டுமல்ல. அதே சங்கதிகளை வைத்து, முதல் வழக்கிலேயே மாற்றுக் குற்றச்சாட்டாகச் சேர்த்திருக்கக்கூடிய வேறு குற்றத்துக்கும் மறு விசாரணை கூடாது என்கிறது. ஆக, 323, 324 பிரிவுகளில் உங்களை இனி யாரும் விசாரிக்க முடியாது.

கொலை முயற்சி என்று வரும்போதுதான் சிக்கல். 337-இன் நான்காவது உட்பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: முதலில் விசாரித்த நீதிமன்றத்துக்கு இரண்டாவது குற்றத்தை விசாரிக்கும் அதிகாரமே இல்லாதிருந்தால், தடை பொருந்தாது. கொலை முயற்சி (பழைய தண்டனைச் சட்டத்தின் 307) செஷன்ஸ் கோர்ட் மட்டுமே விசாரிக்க வேண்டிய குற்றம், மாஜிஸ்திரேட்டால் முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த வழியாகத்தான் வருவார். இதைத் தெரியாமல் 'டபுள் ஜெப்பர்டி' என்ற ஒரே வாதத்தை நம்பிப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

அதற்கு எதிராக உங்கள் கையில் இரண்டு ஆயுதங்கள் இருக்கின்றன. முதலாவது, ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் டி.டி. ஆன்டனி வழக்கில் சொன்னது. எதிர்த்தரப்பினர் கொடுக்கும் எதிர்ப்புகாருக்கு, அதாவது 'கவுன்டர் கேஸ்' என்பதற்கு, இந்தத் தடை கிடையாது. ஆனால் உங்கள் விஷயத்தில் பழைய புகார்தாரரேதான் மறுபடி வருகிறார்.

இரண்டாவது ஆயுதம் மலாயாவிலிருந்து வந்தது. அங்கே (இன்றைய மலேசியாவில்) ஆங்கிலேயர் ஆட்சியில் அவசரநிலை இருந்த காலத்தில் சாம்பசிவம் என்பவர் மீது துப்பாக்கி வைத்திருந்ததாக ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்ததாக ஒன்று என இரு குற்றச்சாட்டுகள். தோட்டாக் குற்றச்சாட்டில் விடுதலை. துப்பாக்கிக்கு மட்டும் மறுவிசாரணை. மறுவிசாரணையில், இரண்டையும் வைத்திருந்ததாகச் சொல்லும் வாக்குமூலத்தை அரசுத் தரப்பு பயன்படுத்தியது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது மலாயா வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1950-இல் அதை ரத்து செய்தது. விடுதலைத் தீர்ப்பு அதே குற்றத்துக்கான மறுவிசாரணையைத் தடுப்பதோடு நிற்பதில்லை. அதே தரப்புகளுக்கு இடையில் பின்னால் வரும் எல்லா நடவடிக்கைகளிலும் அது இறுதியானது, கட்டுப்படுத்துவது என்றது. 1956-இல் நம் உச்ச நீதிமன்றமும் இந்த வழியில் தீர்ப்பளித்தது. எனவே உங்கள் தீர்ப்பில் 'எதிரிகள் (அதாவது குற்றம் சாட்டப்பட்ட நீங்கள்) சம்பவ இடத்தில் இருந்தது நிரூபிக்கப்படவில்லை' என்பதுபோல ஒரு வரி இருந்தால், அந்த வரி தங்கம். 307 வழக்கு வந்தாலும் அதை மாற்றிச் சொல்ல அரசுத் தரப்பால் முடியாது. தீர்ப்பை முதல் வரி முதல் கடைசி வரி வரை படியுங்கள்.

செய்ய வேண்டியது: தீர்ப்பின் சான்றிட்ட நகலை எடுத்து, ஜெராக்ஸை ஒரு பதில் கடிதத்துடன் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் புதிய சட்டத்தின் 528-ஆவது பிரிவின் கீழ் ரத்து மனு போடலாம். அது முடியும்வரை கைது ஆபத்து இருக்கும் என்பதால் முன்ஜாமீனும் தேவை. ஒரு எச்சரிக்கை: பழைய சட்டத்தில் 482 என்றால் ரத்து மனு, புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். குமாஸ்தாக்களே இன்னும் குழம்புகிறார்கள். மனுவின் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடிபட்டவர் பிழைத்துவிட்டார் என்று காய வழக்கில் தண்டனை கொடுத்த பிறகு, அதே காயத்தால் அவர் இறந்துவிட்டால்? — ஒரு வாசகி, கரூர்

மறுபடி விசாரிக்கலாம். முதல் தீர்ப்பின்போது நடந்திராத, அல்லது நடந்தது நீதிமன்றத்துக்குத் தெரிந்திராத விளைவு பின்னால் ஏற்பட்டால் அது வேறு குற்றம். கொடுங்காய வழக்கில் தண்டனை பெற்றவரைப் பின்னர் மரணம் விளைவித்த குற்றத்துக்கு விசாரிக்கலாம் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. சாவுக்குக் காரணம் அந்தக் காயம்தானா என்பதைப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்ல வேண்டும். பல மாதங்கள் கழித்து நேர்ந்த மரணங்களில் வழக்கின் தலைவிதி அதைப் பொறுத்தே இருக்கும்.

'உன்னைக் கேஸிலிருந்து விட்டாச்சு' என்று எங்கள் வக்கீல் சொன்னார். காகிதத்தில் 'விடுவிக்கப்பட்டார்' என்று இருக்கிறது. இது போதுமா? — ஒரு வாசகர், திருநெல்வேலி

போதாது. 'விடுவிப்பு' வேறு, 'விடுதலை' வேறு. இந்த ஒரு சொல்லில்தான் பலருடைய நிம்மதி அடங்கியிருக்கிறது.

குற்றச்சாட்டு வனைவதற்கு முன், அதாவது குற்றச்சாட்டை நீதிமன்றம் முறைப்படி எழுதிப் பதிவு செய்வதற்கு முன், 'வழக்கை நடத்தப் போதுமான ஆதாரம் இல்லை' என்று அனுப்பினால் அது விடுவிப்பு. விசாரணையே தொடங்கவில்லை என்பதால், புதிய ஆதாரம் வந்தால் மறுபடி அழைக்கலாம். குற்றச்சாட்டு வனைந்து, சாட்சிகளை விசாரித்து, தீர்ப்பில் குற்றவாளி அல்ல என்றால் அது விடுதலை. விடுவிப்பும் புகார் தள்ளுபடியும் விடுதலை ஆகா என்று 337-ஆவது பிரிவின் விளக்கவுரையே சொல்கிறது.

வேறு வழிகளில் முடிந்த வழக்குகளையும் இதே கண்ணோடு பாருங்கள். ராஜி ஆகி நீதிமன்றம் பதிவு செய்திருந்தால் அதன் பலன் விடுதலை. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதிய முச்சலிக்கா ராஜி ஆகாது. நீதிமன்றம் ஏற்றுப் பதிவு செய்ய வேண்டும். அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெற்றால், அது குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பா பின்பா என்று பாருங்கள்: முன்பு என்றால் விடுவிப்பு, பின்பு என்றால் விடுதலை. தனிநபர் புகாரில் வந்த சம்மன் வழக்கில் புகார்தாரர் ஆஜராகாததால் முடிந்திருந்தால், சாட்சி ஒருவரும் வராமலேயே விடுதலை என்றாலும் அது விடுதலைதான். போலீஸே 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (சங்கதிப் பிழை) என்று முடித்து, வழக்கு கைவிடப்பட்டதைச் சொல்லும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் கொடுத்திருந்தால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் வரவில்லை. புகார்தாரர் ஆட்சேப மனு போட்டு அதைத் திறக்க முடியும்.

ஊழல் வழக்குகளில் இன்னொரு விதி இருக்கிறது. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த வாங்க வேண்டிய அனுமதி ஆணை செல்லாது என்று முடிவானால், அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இருக்கவில்லை என்று ஆகிவிடும். முறையான அனுமதி வாங்கி மறுபடி முதலிலிருந்து நடத்தலாம். அனுமதி ஆணையில் குறை கண்டுபிடித்து வென்றவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

எதுவானாலும் ஆணையின் சான்றிட்ட நகல் உங்கள் வீட்டு பீரோவில் இருக்க வேண்டும். முந்தைய விடுதலையை நிரூபிக்க, அந்தப் பதிவேடுகளை வைத்திருக்கும் நீதிமன்ற அலுவலர் சான்றிட்ட நகலும், அந்த வழக்கின் எதிரி நீங்கள்தான் என்பதற்கான சாட்சியமும் தேவை. நீதிமன்றக் கோப்புகள் நிரந்தரமாக இருப்பதில்லை. காலம் கடந்தால் அழிக்கப்படும். தீர்ப்பு வந்த வாரமே நகல் மனு போட்டுவிடுங்கள்.

என் கணவர் வருவாய்த் துறையில் இருக்கிறார். லஞ்ச ஒழிப்புத் துறை போட்ட வழக்கில் 'சந்தேகத்தின் பலனை அளித்து' விடுதலை ஆனார். ஆனாலும் 17 (பி) என்ற துறை ஒழுங்கு விசாரணை நடத்தி டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். கோர்ட் விட்ட பிறகு துறை தண்டிக்கலாமா? இது இரட்டைத் தண்டனை இல்லையா? — ஒரு வாசகி, தஞ்சாவூர்

வந்த கடிதங்களில் மூன்றில் ஒன்று இதைப் போன்றது. இந்தக் குடும்பங்களின் வேதனை எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். துறை விசாரணை சட்டத்தின் கண்ணில் 'வழக்கு' அல்ல. 1954-இல் வெங்கடராமன் என்ற உயர் அதிகாரியின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்துவிட்டது: அரசு ஊழியர் விசாரணைச் சட்டப்படி விசாரித்து வேலையிலிருந்து நீக்கிய பிறகு, குற்ற வழக்கும் நடத்தலாம். எந்த வரிசையில் வந்தாலும் இரண்டும் தனித்தனிப் பாதை.

நிரூபணத்தின் அளவும் வேறு. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் 'நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்ற அளவு போதும். கோர்ட்டில் பிறழ்சாட்சி ஆனவர் (முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னவர்) விசாரணை அதிகாரி முன் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். அதனால் ஒரே சம்பவத்தில் இரு முடிவுகள் வருவது சட்டப்படி தவறு ஆகாது.

ஆனாலும் வாசல் முழுதாக மூடியிருக்கவில்லை. 1999-இல் பாரத் கோல்டு மைன்ஸ் பாதுகாப்பு அதிகாரி பால் ஆன்டனியின் வழக்கில், இரண்டு நடவடிக்கைகளிலும் சங்கதி ஒன்று, சான்று ஒன்று, சாட்சிகள் ஒன்று. குற்ற வழக்கில் சோதனையும் கைப்பற்றலுமே நிரூபணமாகவில்லை என்று விடுதலை. அந்த நிலையில் துறை முடிவை மட்டும் நிற்க விடுவது அநியாயம் என்று உச்ச நீதிமன்றம் அவரை வேலையில் சேர்த்தது. இதற்கு மறுபக்கம் 2012-இல் வந்தது. தென்காசி பேருந்து நிலையத்தில் பெண்ணிடம் தவறாக நடந்ததாகப் பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு போலீஸ்காரர், சாட்சிகள் பிறழ்ந்ததால் குற்ற வழக்கில் விடுதலையானார். அது 'கௌரவமான விடுதலை' அல்ல, துறைத் தண்டனை நிற்கும் என்றது உச்ச நீதிமன்றம்.

உங்கள் கணவர் எந்தப் பக்கம் வருவார் என்பதை ஒரு தாளில் கண்டுபிடிக்கலாம். தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் குற்றப்பத்திரிகையில் உள்ள குற்றச்சாட்டு, சாட்சிகள், ஆவணங்கள். வலப்பக்கம் 17 (பி) குறிப்பாணையின் இணைப்புகளில் உள்ள அதே மூன்று. முக்கால் பங்கு ஒன்றானால் பால் ஆன்டனி வழக்கைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். துறைப் பக்கம் 'பணிப் பதிவேட்டில் திருத்தம்', 'உரிய நேரத்தில் சான்றிதழ் வழங்காமை' போன்ற கூடுதல் குற்றச்சாட்டுகள் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அடுத்து, கோர்ட் தீர்ப்பில் பணம் கேட்டதே நிரூபணமாகவில்லை என்று இருக்கிறதா, அல்லது சாட்சி பல்டி அடித்ததால் சந்தேகத்தின் பலனா என்று பாருங்கள். லஞ்ச வழக்கில் பணம் 'கேட்டது' நிரூபணமாவது அடித்தளம். ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கைப்பற்றியது மட்டும் போதாது.

துறை மேல்முறையீட்டில் தீர்ப்பின் நகலை இணையுங்கள். அதற்குரிய காலக்கெடுவைத் தண்டனை ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். மேல்முறையீடு முடிந்த பிறகே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

இன்னும் விசாரணைக் கட்டத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு: குற்ற வழக்கு சிக்கலானது, உங்கள் தற்காப்பு முன்கூட்டியே வெளியாகிவிடும் என்றால், துறை விசாரணையைத் தள்ளிவைக்கக் கோரலாம். அதை வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை விசாரித்து 'நிரூபிக்கப்படவில்லை' என்று விசாரணை அதிகாரி சொன்ன பிறகு, அந்த அறிக்கை பிடிக்கவில்லை என்பதற்காகப் புது அதிகாரியை வைத்து முதலிலிருந்து விசாரிக்கக் கூடாது என்பது 1971-ஆம் ஆண்டு முதல் உள்ள சட்ட நிலை. விசாரணையில் கடுமையான குறை இருந்தால் மேல்விசாரணை செய்யலாம்; முடிவு பிடிக்கவில்லை என்பது குறை ஆகாது. இது பல அலுவலகங்களில் மீறப்படுகிறது, ஊழியர்களும் தெரியாமல் ஒத்துப்போய்விடுகிறார்கள். முதல் கூட்டத்திலேயே ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு தகராறு வழக்கு, விடுதலை ஆகிவிட்டேன். போலீஸ் தேர்வில் எல்லாம் தேறியும், 'குற்ற வழக்கில் தொடர்புடையவர்' என்று நிராகரித்துவிட்டார்கள். — ஒரு வாசகர், தருமபுரி

தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்ற விதி இருக்கிறது. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவர், குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்பது அதன் விளக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் இதை ஏற்றது. வேலை மறுப்பது தண்டனை ஆகாது என்பதால் இரட்டைத் தண்டனை வாதம் எடுபடாது.

இதில் பலரைக் கெடுப்பது வழக்கை விட, அதை மறைப்பதுதான். விண்ணப்பத்தில் 'வழக்கு ஏதும் உண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டால், பிறகு சரிபார்ப்பில் வெளிவரும்போது இரண்டு காரணங்களால் நிராகரிப்பார்கள். விடுதலை ஆகியிருந்தாலும் 'ஆம்' என்று எழுதி, குற்ற எண், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி மூன்றையும் குறிப்பிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2016-இல், அற்பமான வழக்கு, இளவயது, பதவியின் தன்மை இவற்றையெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று வழிகாட்டியது. சாட்சிகள் சொன்னதை ஆராய்ந்தே உங்களை விடுதலை செய்திருந்தால், அதைச் சுட்டிக்காட்டி ரிட் போட இடமிருக்கிறது.

திருப்பூரில் நூல் வியாபாரம். 6 லட்சத்துக்கு ஒரு பனியன் கம்பெனி கொடுத்த மூன்று செக்குகள் திரும்பிவிட்டன. செக் திரும்பியதற்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-உம் போடலாம், மோசடி வழக்கும் (420) கொடுக்கலாம் என்கிறார் ஒரு வக்கீல். இன்னொருவர் இரண்டும் போட்டால் இரட்டை வழக்கு என்று தள்ளுபடி ஆகும் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதற்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதுதான் தொல்லை. 138-இல் தண்டனை ஆன பிறகு அதே சங்கதிகளை வைத்து 420 நடத்தக் கூடாது என்று 2011-இல் ஓர் அமர்வு சொன்னது. 2012-இல் இன்னோர் அமர்வு, இரண்டின் உட்கூறுகள் வேறு, அதனால் தடையில்லை என்றது. 420-க்கு ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். 138-க்கு அது வேண்டியதில்லை, சட்டப்படியான கடன் இருந்ததும் செக் திரும்பியதும் போதும். இந்த முரண்பாட்டைப் பெரிய அமர்வு தீர்க்கட்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் அனுப்பியது.

எங்கள் கருத்து: வழக்கமாகச் சரக்கு வாங்கி வந்த வாடிக்கையாளர் நொடித்துப்போனதால் செக் திரும்பியிருந்தால், மோசடிப் புகார் வேண்டாம். அது வியாபாரக் கடன். கோர்ட் அதை ரத்து செய்ய நேரமாகாது. போலி பில், வேறொருவர் பெயர், சரக்கு வந்த மறுநாளே கம்பெனியைப் பூட்டியது என்று ஏமாற்று நோக்கத்துக்கான தனிச் சான்று இருந்தால் மட்டும் இரண்டாவது புகார் கொடுங்கள். அதிலும் அந்தச் சான்றையே முதன்மையாக எழுதுங்கள். செக் திரும்பியதையே மறுபடி எழுதினால் தடைக்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும்.

138-க்கு நாள் கணக்குதான் உயிர். செக்கின் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். எதிரி நோட்டீஸைப் பெற்றதிலிருந்து 15 நாள் அவகாசம். அது முடிந்த பின் ஒரு மாதத்துக்குள் புகார். 15 நாள் முடியும் முன்பே புகார் போட்டால் அது குறைப்பிரசவம், செல்லாது. முதல் முறை நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் புகார் போடத் தவறினாலும், செக் காலாவதி ஆவதற்குள் மறுபடி போட்டு, மறுபடி நோட்டீஸ் கொடுத்து வழக்கு தொடரலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மூன்று செக் என்றால் மூன்று குற்றம். மூன்று வழக்கு போட்டால் அது இரட்டைத் தண்டனை ஆகாது. கம்பெனி என்றால் கம்பெனியையே முதல் எதிரியாகச் சேர்க்க வேண்டும். செக்கில் கையெழுத்திட்ட இயக்குநரை மட்டும் சேர்த்தால் வழக்கு நிற்காது. வழக்கின் போக்கில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்க அதே சட்டத்தின் 143ஏ பிரிவு இடமளிக்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம். பணம் திரும்பக் கிடைக்க இது ஒன்றே வழி என்று நினைத்துவிடாதீர்கள். சிவில் வழக்குக்கும் இதனால் தடையில்லை, அதற்கான மூன்று ஆண்டுக் கெடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

வரித்துறை அபராதம் போட்டது, கட்டிவிட்டோம். அதே வருமானத்துக்காக இப்போது கிரிமினல் வழக்கு என்கிறார்கள். — ஒரு சிறுதொழில் நிறுவனம், கோவை

அபராதம் விதித்த அதிகாரி நீதிமன்றம் அல்ல என்பதால் தடை இல்லை. இதன் வேர் 1953-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஜித்தாவிலிருந்து பம்பாய் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் 107.2 தோலா (சுமார் ஒன்றேகால் கிலோ) தங்கத்துடன் இறங்கியவரிடம் சுங்கத் துறை தங்கத்தைப் பறிமுதல் செய்தது. பிறகு அந்நியச் செலாவணிச் சட்டப்படி வழக்கும் போட்டது. பறிமுதல் என்பது நீதிமன்றம் தந்த தண்டனை அல்ல என்று உச்ச நீதிமன்றம் வழக்கை அனுமதித்தது.

ஆனால் அபராதத்தைப் பேசாமல் கட்டிவிட்டுப் போவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வருமானத்தை மறைத்ததற்கான அபராதத்தைத் தீர்ப்பாயம், மறைப்பே இல்லை என்று தகுதியின் அடிப்படையில் ரத்து செய்துவிட்டால், அதே மறைப்புக்கான குற்ற வழக்கும் நிற்காது என்று 2004-இல் சென்னையைச் சேர்ந்த ஒரு கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அபராதத் தொகை சிறியது, மேல்முறையீட்டுச் செலவு அதைவிடப் பெரிது என்று கணக்குப் பார்த்தால், இந்தக் கேடயத்தை இழக்கிறீர்கள். மேல்முறையீட்டில் கெடு தவறியது, நோட்டீஸ் சரியில்லை என்பன போன்ற காரணங்களால் வென்றால் இந்தப் பலன் கிடைக்காது. 'குற்றமே நடக்கவில்லை' என்று வர வேண்டும். உங்களுக்கு மேல்முறையீட்டுக் கெடு மீதம் இருக்கிறதா என்று இன்றே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

விடுதலை ஆன பிறகு அரசு அப்பீல் போவது மட்டும் எப்படி நியாயம்? — ஒரு வாசகர், மதுரை

மேல்முறையீடு புது வழக்கு அல்ல, முதல் வழக்கின் தொடர்ச்சி. உச்ச நீதிமன்றத்தில் 1953-லேயே தீர்ந்த விஷயம். விடுதலை 'நடப்பில் இருக்கும்வரை'தான் 337 காக்கும். அப்பீல் கெடு முடியும்வரை ஜாமீன் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

வெளிநாடுகளில் இந்தச் சட்டம் எப்படி? புதிதாக டி.என்.ஏ. சான்று கிடைத்தால் பழைய கொலை வழக்கைத் திறக்கிறார்களாமே? — ஒரு வாசகி, லண்டன்

நீங்கள் இருக்கும் நாட்டில்தான் அப்படி. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கடுங்குற்றங்களில், புதிய, வலுவான சான்று இருந்தால், மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய விடுதலையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட வழி செய்தது. 1989-இல் ஒரு பெண்ணைக் கொன்ற வழக்கில் விடுதலையாகி, பின்னர் தானே ஒப்புக்கொண்ட ஒருவர் இதன்படி 2006-இல் ஆயுள் தண்டனை பெற்றார். சட்டம் மாறப் பல ஆண்டுகள் போராடியது, கொல்லப்பட்ட பெண்ணின் தாய்.

அமெரிக்கா நேர் எதிர். அங்கே நடுவர் குழு (ஜூரி) பதவியேற்ற கணமே பாதுகாப்பு தொடங்கிவிடும். விடுதலைக்கு எதிராக அரசு அப்பீல் போக முடியாது. இந்தியாவில் இங்கிலாந்தைப் போலப் புதிய சான்றுக்காகப் பழைய விடுதலையைத் திறக்கும் சட்டம் இல்லை. அப்பீல் வாய்ப்பு போனால் போனதுதான்.

'அதே குற்றம்' என்றால் அதே சம்பவமா, அதே உட்கூறுகளா என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்குத் தஹாவூர் ராணாவின் வழக்கைப் பாருங்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்கு உதவிய குற்றச்சாட்டில் 2011-இல் சிகாகோவில் விடுதலையானார். அதைக் காட்டியே இந்தியாவுக்கு அனுப்பக் கூடாது என்று வாதாடினார். இரு நாடுகளுக்கு இடையிலான நாடுகடத்தல் ஒப்பந்தத்தில் உள்ள 'குற்றம்' என்ற சொல் நடத்தையைக் குறிப்பதல்ல, சட்டப்படியான உட்கூறுகளைக் குறிப்பது என்று 2024-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. 2025 ஏப்ரலில் அவர் இந்தியா கொண்டுவரப்பட்டார்.

நான் உள்ளாட்சியில் இருந்தவன். 2022-இல் ஓர் அடிதடி வழக்கில் இரண்டரை ஆண்டு தண்டனை. அப்பீலில் தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார்கள். சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாமா? சிறையும் கொடுத்து, தேர்தலும் கூடாது என்பது இரண்டு தண்டனை ஆகாதா? — ஒரு வாசகர், பரமக்குடி

தகுதியிழப்பு தண்டனை அல்ல, பதவிக்கான தகுதி நிபந்தனை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(3): இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை என்றால், தீர்ப்பு நாளிலிருந்து தகுதி போகும், சிறையிலிருந்து வெளிவந்த பிறகும் 6 ஆண்டு தொடரும்.

உங்கள் கடிதத்தில் உள்ள ஆபத்து 'தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார்கள்' என்ற வரியில் இருக்கிறது. தண்டனை நிறுத்தம் உங்களைச் சிறைக்கு வெளியே வைக்கும், அவ்வளவுதான். நீங்கள் குற்றவாளி என்ற முடிவு அப்படியே இருக்கிறது. டான்சி (தமிழக அரசின் சிறுதொழில் நிறுவனம்) நில வழக்கில் 2000 அக்டோபரில் மூன்றாண்டு தண்டனை பெற்ற ஜெயலலிதாவுக்குத் தண்டனை நிறுத்தப்பட்டிருந்தது, குற்றத்தீர்ப்பு நிறுத்தப்படவில்லை. 2001 மே மாதம் முதல்வரானார். அந்த நியமனம் செல்லாது என்று 2001 செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்த பிறகே 2002-இல் ஆண்டிப்பட்டியில் நின்று வந்தார். ராகுல் காந்திக்கு 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் கொடுத்தது சரியாக இரண்டு ஆண்டு. ஒரு நாள் குறைந்திருந்தாலும் பதவி போயிருக்காது என்று உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டு, ஆகஸ்டில் குற்றத்தீர்ப்பை நிறுத்திவைத்தது, எம்.பி. பதவி திரும்பக் கிடைத்தது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது குற்றத்தீர்ப்புக்கு நிறுத்தம். அப்பீல் நடக்கும் நீதிமன்றத்திலேயே தனி மனு போட வேண்டும். 'தேர்தலில் நிற்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் கிடைப்பது அரிது; தீர்ப்பில் வெளிப்படையாகத் தெரியும் பிழை, நிறுத்தாவிட்டால் திருத்த முடியாத இழப்பு இரண்டையும் காட்ட வேண்டும். வேட்புமனுப் பரிசீலனை நாளன்று நிறுத்த ஆணை கையில் இருக்க வேண்டும். மறுநாள் விடுதலையே ஆனாலும் அந்தத் தேர்தலுக்கு உதவாது.

ஒரு பேச்சுக்காக ஐந்து மாவட்டங்களில் ஐந்து எஃப்.ஐ.ஆர். ஐந்திலும் ஜாமீன் வாங்கி அலைய வேண்டுமா? — ஒரு வாசகர், சேலம்

தீர்ப்பு எதுவும் வராததால் 337 இன்னும் வேலை செய்யாது. ஆனால் ஒரே பேச்சு, ஒரே நாள் என்றால் முதல் எஃப்.ஐ.ஆரை வைத்துக்கொண்டு மற்றவற்றை ரத்து செய்ய அல்லது ஒன்றாக்க உயர் நீதிமன்றத்தில் கோரலாம். ஐந்து எஃப்.ஐ.ஆர்.களையும் இணையதளத்திலிருந்து பதிவிறக்கம் செய்து, எது முதலில் பதிவானது என்று தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு ஊரில் வேறொரு நாள் அதே பேச்சை மறுபடி பேசியிருந்தால், அது தனிச் சம்பவம். அதற்கு அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.